சாவியைக் கொடுக்கும் முன் கணக்கை எழுதுவோம்



நம் கடைவீதியில் ஒரு கடை கை மாறுகிறது என்றால் என்ன செய்வோம்? பழையவர், புதியவர், கட்டட உரிமையாளர் மூவரும் ஒரு நாள் உட்காருவார்கள். தராசு யாருடையது, ரேக் யாருடையது, முன்பணம் எவ்வளவு, கரண்ட் பில் எதுவரை கட்டியிருக்கிறது, மொத்தக் கடைக்குப் பாக்கி எவ்வளவு, பழைய பெயர்ப்பலகையைப் புதியவர் வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். அதை ஒரு தாளில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கிய பிறகுதான் சாவி கை மாறும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடைக்கே இத்தனை பேச்சு!

ஆனால் மலைமேல், காட்டுக்கு நடுவில், மூன்று தலைமுறைக்கு முந்திய கட்டடமாக நிற்கும் ஒரு தங்கும் விடுதி கை மாறும்போது இதில் பாதிப் பேச்சுகூட நடப்பதில்லை. "யார் அதிக வாடகை கேட்கிறார்கள்?" என்ற ஒரு கேள்வியோடு காரியம் முடிந்துவிடுகிறது. அது தவறு என்பதும், அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர்களில் அடிவாரத்துக் கடைக்காரர்களாகிய நாமும் உண்டு என்பதும்தான் நான் சொல்ல வருவது.

மலை விடுதிக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். வாழப்பாடியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் சேர்வராயன் மலை, மறுபக்கம் கல்வராயன் மலை. மேலிருந்து காபியும் மிளகும் இறங்குகின்றன. கீழிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, சோப்பு, தீப்பெட்டி எல்லாம் ஏறுகின்றன. முப்பது அறை கொண்ட ஒரு விடுதி ஒழுங்காக நடந்தால் அடிவாரத்தில் நாலைந்து கடைகளுக்கு வாரம் தவறாத வியாபாரம். அது மூடிக் கிடந்தால் அந்த வியாபாரம் போயிற்று. அரைகுறையாக நடந்தாலோ நிலைமை இன்னும் மோசம். சரக்கும் போகும், பணமும் வராது.

எனக்கு நேர்ந்தது

இது 1997-ஆம் ஆண்டில் நடந்தது. எந்த மலை, எந்த விடுதி என்ற விவரம் இங்கு வேண்டாம். பழைய காலத்துக் கட்டடம். கட்டட உரிமை ஒருவரிடம், எடுத்து நடத்துபவர் இன்னொருவர். அப்போது என் தகப்பனார் கல்லாவில் இருந்தார். வெளிக்கணக்கு என் பொறுப்பு. வாரம் ஒருமுறை பொன்னி அரிசி, துவரம்பருப்பு, கடலை எண்ணெய் டின், சர்க்கரை, மைதா, ஜவ்வரிசி எல்லாம் ஜீப்பில் மேலே போகும். மாதம் பிறந்து பத்து நாளில் பணம் வந்துவிடும். மூன்று வருடம் அப்படியே நடந்தது.

நான்காம் வருடம் பணம் வருவது தள்ளிக்கொண்டே போயிற்று. "சீசன் முடியட்டும், மொத்தமாகத் தருகிறோம்" என்றார்கள். நானும் நம்பிச் சரக்கு அனுப்பினேன். ஒரு நாள் காலை ஜீப் டிரைவர் சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். குத்தகைக்காரர் இரவோடு இரவாகக் காலி செய்து போய்விட்டாராம். பேரேட்டில் அவர் பெயரில் நின்றது 41,760 ரூபாய். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய தொகை.

நேராக மேலே போனேன். கட்டட உரிமையாளர் தரப்பில், "எங்களுக்கே ஏழு மாத வாடகை பாக்கி" என்றார்கள். அடுத்து எடுத்து நடத்த வந்தவர், "அது பழைய ஆளின் கடன், எனக்குச் சம்பந்தம் இல்லை" என்றார். இரண்டு பேர் சொன்னதும் சட்டப்படி சரி. ஆனால் நான் அனுப்பிய அரிசியைச் சாப்பிட்ட விருந்தினர்கள் கொடுத்த பணம் எங்கே போயிற்று? அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

ஒரு வாரம் கழித்து அந்த விடுதியின் சமையல்காரர் பையும் பெட்டியுமாக எங்கள் கடைக்கு வந்தார். ஊருக்குப் போகும் வழி.

"முதலாளி, என் சொந்தப் பற்று 380 ரூபாய் நிக்குது. வரவு வெச்சுக்குங்க" என்று எண்ணிக் கொடுத்தார்.

"உங்களுக்கே ரெண்டு மாசச் சம்பளம் வரலைன்னு சொன்னாங்களேண்ணா?" என்றேன்.

"அது அவங்க எனக்குத் தர வேண்டியது. இது நான் உங்களுக்குத் தர வேண்டியதுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்று இரவு என் தகப்பனார் என்னைக் கூப்பிட்டு, "பாக்கிக்காரன் ஓடிட்டான்னு ஊரெல்லாம் சொல்லாதே. கையெழுத்து வாங்காம சரக்கு அனுப்பினவன் நீ" என்றார். உண்மைதான். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அந்த மலைக்குப் போனபோது விடுதிக்குள் எட்டிப் பார்த்தேன். முன்பக்கம் மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒழுகும் இடத்துக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். அந்த வாளியைப் பார்த்ததும்தான் எனக்கு ஒன்று விளங்கியது. ஏமாந்தது நான் மட்டுமல்ல, அந்தக் கட்டடமும்தான். இரண்டு பேருக்கும் ஒரே காரணம்.

அதிக வாடகை எங்கே போய் முடிகிறது?

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 அறை உள்ள ஒரு மலை விடுதி. வருடம் 365 நாளும் எல்லா அறையும் நிறைந்தால் 10,950 அறை நாட்கள். கோடையிலும் பண்டிகை விடுமுறையிலும் நிறையும், மழைக்காலத்தில் காற்றாடும். நூற்றுக்கு நாற்பது நிறைகிறது என்று வைத்தால் 4,380 நாட்கள். அறை ஒன்றுக்கு 3,000 ரூபாய் என்றால் வருட வரவு 1 கோடியே 31 லட்சத்து 40 ஆயிரம். இதில் சம்பளம், மின்சாரம், தண்ணீர், துணி வெளுப்பு, டீசல், விளம்பரம், கமிஷன் எல்லாமாகப் பாதிக்கு மேல் போய்விடும் என்றே வையுங்கள். மீதி அறுபது லட்சம்.

இப்போது டெண்டரில் போட்டி போட்டு ஒருவர் வருடம் 60 லட்சம் வாடகை தருகிறேன் என்று எழுதிவிட்டார். அவர்தான் அதிகம் கேட்டவர், அவருக்கே கிடைத்தது. அவருக்கு லாபம் எங்கிருந்து வரும்? கட்டடச் செலவு எங்கிருந்து வரும்? எதையாவது நிறுத்தியாக வேண்டும். முதலில் நிற்பது கூரை வேலை, ஏனென்றால் கூரை வாய் திறந்து கேட்காது. அடுத்து நிற்பது மளிகை பாக்கி, ஏனென்றால் நாம் கேட்டாலும் பொறுத்துக்கொள்வோம். அதற்கடுத்து ஆட்கள் சம்பளம். வாடகை நிற்பது கடைசியில்தான். ஆகவே உரிமையாளருக்கு விஷயம் தெரியவரும்போது மற்ற மூன்றும் நின்று நாளாகியிருக்கும்.

தேயிலைத் தூளை அடக்க விலைக்குக் கீழே விற்கிறேன் என்று ஒருவர் வந்தால் நாம் உடனே சந்தேகப்படுகிறோம் அல்லவா? வரவுக்கு மேல் வாடகை தருகிறேன் என்று வருபவரிடம் மட்டும் ஏன் சந்தோஷப்பட வேண்டும்?

இமயத்தில் ஒரு முப்பது வருடக் கதை

இது நம் பக்கத்து மலையோடு முடிகிற விஷயமல்ல. சிம்லாவை அடுத்த மஷோப்ரா பக்கம், சுமார் 8,250 அடி உயரத்தில், தேவதாரு மரங்களுக்கு நடுவில் வைல்ட்ஃப்ளவர் ஹால் என்ற இடம் இருக்கிறது. 1902 முதல் 1909 வரை இந்தியாவின் தலைமைத் தளபதியாக இருந்த கிச்சனர் பிரபு தங்கிய இடம் அது. பின்னால் விடுதியாகி, சுதந்திரத்துக்குப் பிறகு இமாச்சலப் பிரதேச சுற்றுலாக் கழகத்தின் கைக்கு வந்தது. 1993-ல் தீப்பிடித்துப் பழைய கட்டடம் அழிந்தது.

நிலம் அரசிடம் இருக்கிறது, கட்டி நடத்த ஆள் வேண்டும். 1995-ல் ஓபராய் குழுமத்தின் ஈ.ஐ.எச். நிறுவனத்தோடு மாநில அரசு ஒப்பந்தம் செய்தது. அரசின் பங்கு நிலம். பணமும் நிர்வாகமும் அவர்களுடையது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு கூட்டுக் கம்பெனி. புதிய விடுதி 2001-ல் திறந்தது. சொன்ன காலத்தில் திறக்கவில்லை, நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று தகராறு எழுந்து, 2002-ல் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. 2005-ல் நடுவர் தீர்ப்பு வந்தது. அதன்மேல் மேல்முறையீடு, 2022-ல் உயர்நீதிமன்றம், கடைசியாக 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம். 2025 மார்ச் 31-க்குள் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அங்கே முடிவாயிற்று. அடுத்து யார் நடத்துவது என்று தேடும் வேலை மறுபடியும் அரசின் தலையில் வந்தது.

ஒப்பந்தம் போட்டது முதல் ஒப்படைப்பு நாள் வரை முப்பது வருடம். ரத்து செய்த நாளிலிருந்து பார்த்தாலும் இருபத்திரண்டு வருடத்துக்கு மேல். நீதிமன்றத்தில் யார் சொன்னது சரி என்பதல்ல நான் பேசுவது, அது தீர்ந்துவிட்டது. வியாபாரியாகிய நான் பார்ப்பது ஒன்றைத்தான். உள்ளே வருவதற்கு வாசல் வைத்தவர்கள் வெளியே போவதற்கு வாசல் வைக்கவில்லை. "இன்ன நாளுக்குள் இன்னது நடக்காவிட்டால் இன்ன முறையில் பிரிந்துகொள்வோம், பிரியும்போது கணக்கு இப்படி" என்று சண்டைக்கு இடமில்லாமல் எழுதியிருந்தால் இரண்டு பக்கமும் இத்தனை வருடம் படியேறியிருக்க வேண்டுமா?

அரசே நடத்தினால் போதாதா?

"தனியாரிடம் கொடுத்தால்தானே தொல்லை? அரசே நடத்தட்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. அதே மாநிலத்தில் நடந்ததையே பாருங்கள். 2024 நவம்பர் 19-ஆம் தேதி, நஷ்டத்தில் நடக்கும் 18 அரசு சுற்றுலா விடுதிகளை மூடும்படி இமாச்சல உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டியாலா மகாராஜாவின் அரண்மனையாக இருந்து விடுதியான சைல் பேலஸும் அந்தப் பட்டியலில் இருந்தது. சில நாட்களில் 9 விடுதிகளுக்கு விலக்குக் கிடைத்தது. மேல் அமர்வுக்குப் போனபின் மூடும் உத்தரவும் நிறுத்திவைக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்த வழக்கு எதற்காக வந்தது என்பதை. ஓய்வு பெற்ற ஊழியர்களுக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை என்பதற்காக வந்த வழக்கு அது. அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும், வரவு குறைந்தால் கை வைப்பது சின்ன மனிதர்களின் பாக்கியில்தான். ஆகவே அரசா தனியாரா என்ற வாதத்தைவிட, கணக்கு எழுதியிருக்கிறதா இல்லையா என்பதே முக்கியம். நம் மாநிலத்திலும் 1971-ல் தொடங்கிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் சில விடுதிகளைத் தானே நடத்துகிறது. சிலவற்றைத் தனியாரிடம் விட்டிருக்கிறது. எந்த முறையானாலும் எழுத்து திருத்தமாக இருக்க வேண்டும்.

பெயர்ப்பலகை யாருடையது?

அமெரிக்காவில் யோசெமிட்டி என்று ஒரு தேசியப் பூங்கா. அதற்குள் மலைப் பள்ளத்தாக்கில் 1927-ல் திறந்த அஹ்வானி என்ற பெரிய விடுதி. கட்டடம் அரசுடையது, நடத்துவது ஒப்பந்தக் கம்பெனி. 1993 முதல் நடத்திவந்த டெலவேர் நார்த் கம்பெனியின் காலம் முடிந்து, 2016-ல் அராமார்க் கம்பெனி வந்தது. பழைய கம்பெனி சாவியைக் கொடுத்தது. ஆனால், "பெயர் எங்களுடையது, வணிகக்குறியாகப் பதிவு செய்திருக்கிறோம், வேண்டுமானால் விலை கொடுங்கள்" என்றது.

தொண்ணூறு வருடம் மக்கள் கூப்பிட்ட பெயரைக் கழற்றிவிட்டு வேறு பெயர் மாட்டினார்கள். மூன்று வருடம் கழித்து, 2019-ல் சமரசமாகி, பழைய கம்பெனிக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர் போன பிறகுதான் பழைய பெயர் திரும்பி வந்தது.

கடைப் பெயரின் மதிப்பு நம்மைவிட யாருக்குத் தெரியும்? ஒரு தலைமுறை நாணயமாக நடந்தால்தான் பலகைக்கு மதிப்பு வருகிறது. விடுதியின் பெயர் கட்டடத்தோடு சேர்ந்தது, நடத்துபவரோடு போகாது என்று ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பணம் மிச்சம்.

ஆள் கிடைக்காமலே போனால்?

"இத்தனை நிபந்தனை போட்டால் எவர் வருவார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மவுண்ட் பஃபலோ தேசியப் பூங்காவில் 1910-ல் அரசு கட்டிய மர விடுதி ஒன்று உண்டு. 1924 முதல் ரயில்வே இலாகா நெடுங்காலம் நடத்தியது. 2007 தொடக்கத்தில் காட்டுத் தீயை ஒட்டி மூடினார்கள். எடுத்து நடத்த ஆள் தேடினார்கள். பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் அது தங்கும் விடுதியாகத் திறக்கவில்லை.

ஆனால் ஆள் ஓடுவதற்குக் காரணம் நிபந்தனை அல்ல. கண்ணுக்குத் தெரியாத செலவு. நூறு வருடக் கட்டடத்தில் கூரைக்கு எவ்வளவு, வயரிங்குக்கு எவ்வளவு, கழிவுநீருக்கு எவ்வளவு என்று தெரியாமல் எந்த வியாபாரி கையெழுத்துப் போடுவார்? மூட்டையைப் பிரித்துக் காட்டாமல் விலை பேசச் சொன்னால் நாம் பேசுவோமா? உரிமையாளர் முதலில் தன் செலவில் கூரையையும் அடித்தளத்தையும் சரி செய்து, எஞ்சிய பழுதுகளைப் பட்டியலிட்டுக் காட்டினால், நிபந்தனை இருந்தாலும் நாணயமானவர் வருவார். நிபந்தனையே இல்லாத இடத்துக்குத்தான் நாணயமில்லாதவர் ஓடி வருவார்.

மூடிக் கிடக்கும் கட்டடம் நடக்கும் கட்டடத்தைவிட வேகமாகக் கெடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு மழைக்காலம் ஆள் இல்லாமல் இருந்தால் போதும். கரையானும் ஈரமும் வேலையை முடித்துவிடும். ஆகவே பழையவர் போகும் நாளுக்கு ஒன்றரை வருடம் முன்பே புதியவரைத் தேடத் தொடங்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

இனி, மலைமேல் உள்ள ஒரு பழைய விடுதியைப் புதியவரிடம் ஒப்படைக்கும்போது எழுத வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நான் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன், சட்டம் படித்தவனல்ல. நாற்பது வருடம் பற்று வரவு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒன்று: குத்தகையாக வேண்டாம், வாரமாக இருக்கட்டும். நம் பக்கம் நிலத்தை இரண்டு விதமாக விடுவார்கள். விளைந்தாலும் விளையாவிட்டாலும் இவ்வளவு என்பது குத்தகை. விளைந்ததில் பங்கு என்பது வாரம். விடுதிக்குச் சிறிய அடிப்படை வாடகையும், அதற்குமேல் வரவில் ஒரு பங்கும் என்று வைத்தால் கெட்ட வருடத்தில் இருவரும் பிழைப்பார்கள். 2020-ல் ஊரடங்கு வந்தபோது பார்த்தோமே! மலைப்பாதையே அடைத்துக் கிடந்தது. இப்போது நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் இல்லாமல் வெளி வண்டி போக முடியாது. நாளைக்கு வேறு மலைக்கும் வரலாம். வண்டிக்கே கணக்கு வைக்கும் காலத்தில் நிலையான பெரிய வாடகை எப்படிக் கட்டுப்படியாகும்? வரவை மறைப்பார்களே என்றால், அறைக்கு ஜி.எஸ்.டி. பில் போடும் காலம் இது. பார்க்கக் கண் இருந்தால் போதும்.

இரண்டு: கூரைக்குத் தனிக் கணக்கு. மாத வரவில் ஒரு பங்கு தனி வங்கிக் கணக்கில் போக வேண்டும். இருவர் கையெழுத்து இல்லாமல் எடுக்கக் கூடாது. கட்டட வேலை தவிர வேறு எதற்கும் தொடக் கூடாது.

மூன்று: இருப்புப் பட்டியல். தேக்கு மேசை, நாற்காலி, பித்தளைக் கைப்பிடி, பழைய கடிகாரம், சமையல் பாத்திரம் வரை எண்ணி எழுதி, படமும் எடுத்து, வருடம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். நாம் வருட முடிவில் சரக்கு இருப்பு எடுப்பதில்லையா? அதேபோல்தான்.

நான்கு: பெயர் உரிமையாளருக்கே. இதன் காரணத்தை மேலே சொன்னேன்.

ஐந்து: காட்டின் கணக்கு. காட்டு நிலமாக இருந்தால் 1980-ஆம் வருட வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் தனியாருக்குக் குத்தகைக்கு விட முடியாது. அதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளாமல் ஆளை உள்ளே விட்டால் பின்னால் வழக்குத்தான். கூடுதல் கட்டடம் கூடாது, குப்பை கீழே இறங்க வேண்டும் என்பதும் எழுத்தில் வர வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. நம் வாழப்பாடிப் பக்கத்துப் பாக்கு மட்டைத் தட்டு எதற்கு இருக்கிறது?

ஆறு: காலம். மூன்று வருடம், ஐந்து வருடம் என்று கொடுத்தால் எவரும் கூரைக்குச் செலவு செய்யமாட்டார். முப்பது வருடம், அறுபது வருடம் என்று கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. பதினைந்து வருடம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்தல், பிரியும் முறை முதல் நாளே எழுத்தில் என்பது என் யோசனை.

ஏழு: இதுதான் நமக்கு நேரடியானது. அடிவாரத்துப் பாக்கிக்குக் காப்புத் தொகை. வாடகைக்கு முன்பணம் வாங்குவதுபோல், இரண்டு மாதக் கொள்முதல் அளவுக்கு ஒரு தொகையைத் தனியாக வாங்கி வைக்க வேண்டும். நடத்துபவர் விலகும்போது, "பாக்கி உள்ளவர்கள் முப்பது நாளில் பில்லோடு வரலாம்" என்று அறிவிப்புக் கொடுத்து, மளிகை, காய்கறி, பால், விறகு, சலவை, ஆட்கள் சம்பளம் எல்லாம் தீர்ந்த பிறகே மீதியைத் திருப்பித் தர வேண்டும். அப்படி ஒரு விதி 1997-ல் இருந்திருந்தால், அந்தச் சமையல்காரர் கையில் பணத்தோடு ஊருக்குப் போயிருப்பார்.

நம் பக்கத்துக் காரியம்

இதையெல்லாம் அரசு செய்யும் வரை நாம் சும்மா இருக்க முடியாது. சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறதே என்று நம்மில் பலர் நம்பியிருக்கிறார்கள். மொத்த, சில்லறை வியாபாரிகளையும் 2021 ஜூலையில் அந்தப் பதிவில் சேர்த்தார்கள். ஆனால் வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே சேர்த்தார்கள். 45 நாள் பாதுகாப்பு சரக்கு உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். வாங்கி விற்கும் நமக்கு இல்லை. இதைத் தெரியாமல் உத்யம் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டால் பாக்கி வந்துவிடாது.

விற்ற சரக்குக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் காலவரம்பு. அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்து வாங்கினால், அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம் கிடைக்கும். ஆகவே விடுதிக் கணக்கு வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை நிலுவைத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். பில்லை நடத்தும் நிறுவனத்தின் பெயரிலேயே போடுங்கள். விடுதியின் பெயரை மட்டும் எழுதினால் நாளை யாரைக் கேட்பீர்கள்? ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது என்பதை முதல் நாளே விசாரித்துப் பேரேட்டில் மேலேயே குறித்துவையுங்கள். முடிவதற்கு ஆறு மாதம் இருக்கும்போது கடனைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். மலையிலே போட்டாலும் அதேதான்.

நம் சங்கம் அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மலைப்பகுதியில் அரசுக்குச் சொந்தமான எந்த விடுதியைத் தனியாரிடம் விட்டாலும், டெண்டர் படிவத்திலேயே கூரைக் கணக்கும் அடிவாரப் பாக்கிக் காப்புத் தொகையும் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. இதில் அரசுக்கு ஒரு காசு நஷ்டம் இல்லை. நாணயமாக நடத்த வருபவருக்கும் நஷ்டம் இல்லை. ஏமாற்ற வருபவருக்கு மட்டும்தான் நஷ்டம்.

அந்தச் சமையல்காரர் கொடுத்த 380 ரூபாயைப் பழைய பேரேட்டில் வரவு வைத்த பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எதிர்ப் பக்கத்தில் 41,760 ரூபாய் பற்று அப்படியே நிற்கிறது. புதிதாகக் கடைக்கு வரும் பையன்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கும்போது அந்த இரண்டு பக்கத்தையும்தான் முதலில் விரித்துக் காட்டுகிறேன்.